வயிற்றுப் பிள்ளையைக் கேட்டு வந்தவர்கள்

நாவற்குடா
10.06.2024

யசோதினிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் புருஷன் உதயரூபன் ஒவ்வொரு நாளும் உன் போனை வாங்கிப் பார்க்கிறவர். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறவரும் அவர்தான்.

அப்பாவின் திவசத்துக்கு வரச்சொல்லி நீதான் ஆள் அனுப்பினாய். அப்பா செத்த அன்று என்னைப் படலைக்குள்ளேயே விடவில்லை. இப்போது கூப்பிடுகிறார்களே, ஏழு மாத வயிறு என்று கேள்விப்பட்டு மனம் இளகிவிட்டதாக்கும் என்று நம்பி வந்தேன். பாஹிம் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நான் உள்ளுக்கு வந்தா உனக்குத்தான் கரைச்சல்" என்று பெரியகல்லாறு பஸ் நிற்கிற இடத்திலேயே வெயிலில் நின்றார்.

வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலை. எனக்கு மட்டும் குசினிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையும், எச்சில் படாதபடி லஞ்ச் சீற் தாள் சுற்றிய பீங்கானும். அதையும் சாப்பிட்டேன். பசி, யசோ. இந்த வயிற்றுக்கு மானம் தெரியாது.

வெளிக்கிட்டு ஒழுங்கை முனைவரை போன பிறகுதான் குடையை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றதை நீ காணவில்லை. நான் இருந்த கதிரையை முற்றத்துக்கு இழுத்து நீ மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாய். அம்மா பக்கத்தில் நின்று, "காலையும் நல்லா உரஞ்சிக் கழுவு புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தா.

குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

அந்தக் கதிரையில் என் வயிற்றோடு உன் பெறாப்பிள்ளையும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கழுவினாய். எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. பஸ் நிற்கிற இடத்தில் பாஹிம், "சாப்பிட்டியா? என்ன கறி?" என்று கேட்டார். நல்ல சாப்பாடு என்று சொன்னேன்.

கேதீஸ்வரி

---

பெரியகல்லாறு
18.06.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு மேசைக்குக் கீழே வைத்து வாசித்தேன். பிறகு அன்று முழுக்க எனக்குப் படிப்பிக்க முடியவில்லை.

நீங்கள் கண்டது உண்மை. மறுக்க மாட்டேன். அம்மா சொன்னா, என் புருஷன் பார்த்துக்கொண்டு நின்றார், நான் கழுவினேன். கழுவாமல் விட்டிருந்தால் அன்றிரவு இந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனால் எனக்கும் ஒன்று கேட்க இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முதல் அப்பாவின் வள்ள எஞ்சின் திருத்த வந்தவரோடு நீங்கள் போனீர்கள். போய் நாவற்குடாவில் வாடகை வீட்டில் உங்கள் பாட்டில் இருந்தீர்கள். இங்கே இருந்தது யார்? "அக்காக்காரி சோனகனோட போனவள்" என்று சொல்லித் தட்டிக்கழித்த சம்பந்தங்கள் எத்தனை என்று தெரியுமா? ஒரு வீட்டுக்காரர் தேத்தண்ணி குடித்து, பலகாரம் சாப்பிட்டு, படலையடியில் நின்று கேட்டார்கள், "இவவும் அப்படிப் போகமாட்டாவெண்டு என்ன நிச்சயம்?" அதை அப்பாவிடம்தான் கேட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு பகலில் ஆற்றங்கரைக்கே போகவில்லை. கடைசியாக வந்தவர் இவர்தான். உங்களோடு உறவு வைக்கக்கூடாது என்று சொல்லித்தான் தாலி கட்டினார். நீங்கள் விரும்பியவரைக் கட்டினீர்கள். அதற்காக நான் யாரைக் கட்டினேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் துணிவு வராது. அன்று நீங்கள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தபோது மாமிமார் சிரித்தார்கள். "நாப்பத்திமூணு வயசில வெக்கமுமில்ல" என்றார்கள். குசினிக்குள் நின்ற எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

உங்கள் கால் நன்றாக வீங்கியிருந்ததே. டொக்டர் என்ன சொன்னார்?

யசோதினி

---

நாவற்குடா
27.06.2024

யசோ,

நீ எழுதியதில் பாதி நியாயம். மற்றப் பாதிக்கு மறுமொழி எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். கால் வீக்கம் கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

பிரஷர் கூடியிருக்கிறது. வயதும் பிரஷரும் சேர்ந்தால் ஆபத்து என்று டொக்டர் சொன்னார். ஆவணி மாதம் பிறக்க முன்னமே ஆசுபத்திரி வாட்டில் சேரச் சொல்லியிருக்கிறார். துணைக்கு ஒரு பெண் நிற்க வேண்டும். பாஹிம் நிற்க ஏலாது. இதற்கு முன் எனக்கு மூன்று தங்கவில்லை. நீ அறிவாய். அது கடவுள் தந்த தண்டனை என்று அம்மாவும் சொன்னா, பாஹிமின் அக்கா நஸீறா ராத்தாவும் சொன்னா. இரண்டு கடவுளும் கதைத்துப் பேசி ஒரே தண்டனையைத் தந்திருக்கிறார்கள்.

கிளினிக்குக்குப் போவதுதான் எனக்கு நரகம். என் பேரைக் கூப்பிடுகிற பெண்பிள்ளை, "கேதீஸ்வரி பாஹிமா?" என்று இரண்டு முறை வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். உடனே நான் இருந்த வாங்கிலில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் வந்துவிட்டது. பொட்டு வைத்தவள் ஒரு பக்கம் தள்ளினாள், பர்தா போட்டவள் மறு பக்கம் தள்ளினாள். நீ சிரிப்பாய், நானும் வீட்டுக்கு வந்து சிரித்தேன். ஆனால் நம்முடைய ஊர்ப் பெண் ஒருத்தி காதுக்குள் வந்து கேட்டாள், "மாட்டிறைச்சி திண்ட வாய், உனக்கு அருவருக்கல்லயா புள்ள?" என் புருஷனின் வாய் எப்படி மணக்கும் என்று யோசித்துக்கொண்டு காலையிலிருந்து பக்கத்தில் இருந்திருக்கிறாள். அதை நினைக்க எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

நஸீறா துணைக்கு நிற்க ஒப்புக்கொண்டா. இத்தனை வருஷத்தில் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத மனுசி, எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தா. சந்தோசப்பட்டேன். முக்கால்வாசி குடிக்கும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா:

"மச்சி, வாட்டுக்குப் போக முந்திக் கலிமாச் சொல்லிடு. மனசால வேணாம், வாயால சொன்னாக் காணும்."

"ஏன்?"

"மவுத்தானா எங்கட மையவாடியில எடுக்க மாட்டாங்களே. தம்பி தனிச்சு நிண்டு என்ன செய்வான்?"

நான் செத்தால் புதைக்க இடம் கிடைக்காதே என்ற அக்கறையோடுதான் சொன்னா, யசோ. கண் கலங்கியிருந்தது. அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது. மிச்சக் கஞ்சியை வாழைக்கு ஊற்றிவிட்டேன். சமயம் மாறச் சொல்லி பாஹிம் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை. அரசாங்கக் கச்சேரியில் பதிந்து கட்டினோம், அவரவர் கும்பிடுவதை அவரவர் கும்பிடுகிறோம். இது விளங்காத சனத்தோடு நான் இனி என்ன கதைக்க?

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நீ வந்து நிற்பாயா?

அக்கா

---

பெரியகல்லாறு
09.07.2024

அன்புள்ள அக்கா,

மறுமொழி சுணங்கியதற்குக் காரணம் உண்டு. ஒரு கிழமை முழுக்க இவரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். கேட்டேன். ஆவணியில் மண்டூர்க் கோயில் திருவிழா, இவர் அங்கே பிறந்தவர், நிர்வாகத்திலும் இருக்கிறவர், தீட்டுப் படக்கூடாதாம். "பிள்ளப்பெத்த துடக்கோட, அதுவும் அந்த வீட்டுத் துடக்கோட, என்ட வீட்டுக்குள்ள வரப்போறியா?" என்று கேட்டார்.

"என்ட வீடு" என்றார். இது அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. அந்த நேரம் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இரவு படுக்கும்போதுதான் வந்தது.

இன்னொன்று. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். பெரிய மாமாவும் இவரும் உங்களிடம் வரப்போகிறார்கள். அம்மாதான் அனுப்புகிறா. நீங்கள் இங்கே வந்து பெறலாமாம், பிள்ளையை நம்முடைய பிள்ளையாக வளர்க்கலாமாம், உங்களையும் பின் அறையில் வைத்துப் பார்க்கலாமாம். அவர் மட்டும் வரக்கூடாதாம். "கிழவயசில பெத்தா அந்தச் சோனகன் அவள விட்டுட்டு வேற கட்டுவான், அதுக்கு முந்தி நாம எடுத்திருவம்" என்று மாமா சொன்னார். அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினா.

நான் அந்த இடத்தில் வெற்றிலைத் தட்டு வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் நின்று நின்று எனக்குப் பழகிவிட்டது.

கோபிக்காதீர்கள்.

யசோ

---

நாவற்குடா
20.07.2024

யசோ,

வந்தார்கள். நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆனால் உன் ஆட்கள் மட்டும் வரவில்லை. மாமாவும் உன் புருஷனும் உள்ளே வந்து இருந்து கால் மணி நேரம் இராது, நஸீறாவும் அவ புருஷன் றிஸ்லானும் படியேறி வந்தார்கள். அவர்களுக்கும் அதே நாள்தான் கிடைத்திருக்கிறது.

அடிபடப் போகிறார்கள் என்று நான் பயந்தேன். பாஹிம் அறை வாசலில் நின்றார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வரும்போது, யசோ, நால்வரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்! மாமாவுக்கு றிஸ்லானின் வாப்பாவைத் தெரியுமாம். அந்தக் காலத்தில் அவர் கடையில்தான் வலை நூல் வாங்கினவராம். "அவங்க நல்ல மனிசர்" என்றார் மாமா. "ஒங்கட ஆக்களும் அப்பிடித்தான்" என்றார் றிஸ்லான்.

நான் வைத்த நாலு கோப்பையையும் ஒருவரும் தொடவில்லை. உன் ஆட்களுக்கு அது பாஹிமின் வீட்டுக் கோப்பை. நஸீறாவுக்கு அது என் கை பட்ட கோப்பை. பாலாடை படர்ந்து இலையான் மொய்த்தது. பிறகு உன் புருஷன் முன்கடைக்குப் போய் நாலு போத்தல் சோடா வாங்கி வந்தார். ஒன்றை றிஸ்லானுக்குத் தானே திறந்து கொடுத்தார். சந்தோசமாகக் குடித்தார்கள்.

பிறகு விசயத்துக்கு வந்தார்கள். முதலில் பிள்ளை யாருக்கு என்ற கதை. வாப்பாவின் சமயம்தான் பிள்ளைக்கு என்றார் றிஸ்லான். எங்கள் பக்கம் பிள்ளைக்குத் தாய் வழிதான் குடி வரும் என்றார் மாமா. கன்றுத்தாய்ச்சி மாட்டை வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கதைத்தார்கள். மாடு பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. அதில் ஒத்துவரவில்லை என்றதும் றிஸ்லான் தொண்டையைச் செருமினார்.

"அத விடுவம். வயசும் போயிட்டு, பிரஷரும் இரிக்காம். ஏதும் நடந்தா மய்யத்த எங்க எடுக்கிற எண்டு இப்பவே பேசிக்கிட்டா நல்லம்."

"ஓம், அது ஞாயமான கத" என்றார் மாமா. "பிறகு ஆசுபத்திரி வாசல்ல நிண்டு சண்ட புடிக்க ஒண்ணா. எங்கட பிள்ள, நாங்க எரிப்பம். குழந்தையும் போனா..."

"குழந்த போனா எங்களுக்கு" என்றா நஸீறா.

"செரி" என்றார் உன் புருஷன்.

செரி என்றார், யசோ. என்னை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், என் பிள்ளையை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள், இருவரும் செத்த பிறகு. அதில்தான் அவர்களுக்கு முதன்முதலாக ஒத்துவந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டியது. அறைக்குப் போக நேரமில்லை, பாயிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். நால்வரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவராவது எழும்பி என் தலையைப் பிடிக்கவில்லை.

பாஹிம்தான் வந்தார். வாளியும் துணியும் கொண்டுவந்து முழங்காலில் இருந்து துடைத்தார். துடைத்து முடித்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"எழும்புங்க. நாலு பேரும்."

நஸீறா ஏதோ சொல்லப்போனா. "ராத்தா, எழும்புங்க" என்றார் மறுபடியும்.

போய்விட்டார்கள். நான் பாஹிமோடு இன்று காலைவரை கதைக்கவில்லை. இதைச் சொல்ல நான் வாந்தியெடுக்கும்வரை இருக்க வேண்டியிருந்ததா என்று கேட்டேன். "அவங்களாப் போயிடுவாங்கெண்டு பாத்தன்" என்றார். ஆம்பிளைகள் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இனி உன்னை வரச்சொல்லிக் கேட்க மாட்டேன். யாரும் வேண்டாம். வாட்டில் பக்கத்துக் கட்டில்காரிக்கு மனம் வந்தால் தண்ணீர் தருவாள்.

அக்கா

---

பெரியகல்லாறு
25.07.2024

அக்கா,

இவர் அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சோனகரெண்டாலும் மரியாதையான ஆக்கள், கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள். உங்கட மகள்தான் நடுவூட்டுக்குள்ள சத்தியெடுத்து மானத்த வாங்கிட்டாள்." அதற்குப் பிறகு அவர் சோறு கேட்டார். நான் போட்டேன். அவர் பிசைந்து உருட்டி வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கையால்தான் சோடாப் போத்தல் திறந்து கொடுத்திருக்கிறார், அந்த வாயால்தான் உங்களை எரிப்பதற்குச் சரி சொல்லியிருக்கிறார். எட்டு வருஷமாக இந்த மனிதருக்குப் பக்கத்தில் படுக்கிறேன். அன்று பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் அறைக்குப் போய்விட்டேன்.

யாரும் வேண்டாம் என்று எழுதாதீர்கள். பள்ளிக்கூட அலுவலக நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தானிடம் கொடுங்கள். பள்ளிக்கூட நேரத்தில் எப்போதென்றாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு காலத்தில் அவரை அத்தான் என்று எழுதுவது இதுதான் முதல் தரம்.

யசோ

---

வாட்டிலிருந்து
04.08.2024

யசோ,

சேர்த்துவிட்டார்கள். பிரஷர் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரி என் கழுத்தில் தாலி இல்லாததைக் கண்டு பேரைக் கேட்டாள், பேரைக் கேட்டு அவரைக் கேட்டாள், பிறகு மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நஸீறா காலையும் மாலையும் வந்து நிற்கிறா. கலிமாக் கதை இப்போது இல்லை. பேசாமல் என் காலை அமுக்கிவிடுகிறா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லச் சத்தில்லை.

கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

---

பெரியகல்லாறு
23.08.2024

அன்புள்ள அக்கா,

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். வாட்டில் பக்கத்தில் நின்றும் உங்களிடம் சொல்லாத சிலதை இப்போது எழுதுகிறேன்.

அன்று அத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்தபோது நான் வகுப்பில் நின்றேன். "வலிப்பு வந்திட்டு, வெட்டப் போறாங்க, கையெழுத்து வெச்சிட்டன்" என்றார். அதிபரிடம் சொல்லிவிட்டு அந்தச் சேலையோடேயே பஸ் ஏறினேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒப்பரேசன் அறை வாசலில் நஸீறா மச்சாள் நின்றா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ வாய்க்குள் ஓதினா. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கதவு திறந்து ஒரு தாதி உங்கள் துணிகளைச் சுற்றிக் கொண்டுவந்தா. இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே கை நீட்டினோம். குழாயடியில் ஆளுக்கொரு தலைப்பாகப் பிடித்து அலசினோம். தண்ணீர் தெளியவே இல்லை. "இவ்வளவு ரெத்தம் போனா ஒரு மனிசி எப்பிடி மிஞ்சுற?" என்று அவ அழுதா. "அண்டைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டனே" என்றா. நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அவவில் கோபம் ஆறவில்லை. என்னிலும்தான்.

பெண்பிள்ளை என்று சொன்னார்கள். நீங்கள் இன்னும் உள்ளே. இரத்தம் நிற்கவில்லை என்றார்கள். அந்த நேரத்தில்தான் அம்மா, பள்ளிக்கூடத்தில் நம்பரைக் கேட்டு வாங்கி, அத்தானின் போனுக்கு எடுத்தா. அவர் என்னிடம் தந்தார்.

"பிறந்திட்டா? பொடியனா பொட்டையா?"

"பொட்டை."

"நிறமென்ன? யார்ர சாயல்? காதுல அவனுகள் ஏதும் ஓத முந்தி நீ தூக்கிரு."

நான் காத்திருந்தேன், அக்கா. இதோ இப்போது கேட்பா, இதோ இப்போது கேட்பா என்று. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று அவ கேட்கவே இல்லை.

"அம்மா, அக்கா இரிக்காவா செத்திட்டாவா எண்டு கேளுங்க. அத ஒருக்காக் கேட்டிட்டு மத்தத்தக் கேளுங்க" என்று கத்தினேன். வாசலில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நாலு பேருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அம்மா போனை வைத்துவிட்டா.

நீங்கள் எழும்பி இருக்கும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் வாசலை மறித்து நின்றார். துடக்கு கழியும்வரை வெளியே கொட்டிலில் இரு என்றார். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இது என்ட வீடு. உங்களுக்கு அருவருப்பெண்டா நீங்க மண்டூருக்குப் போங்க" என்றேன். அவர் போய்விட்டார். திருவிழா முடிந்தும் வரவில்லை. வருவாரோ தெரியாது. வந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. பிள்ளைகள் கேட்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோறு இறங்குகிறது.

அம்மா குசினிக்குள்ளேயே இருக்கிறா, என்னோடு பேசுவதில்லை. முன் அறையைக் கூட்டித் துப்பரவாக்கி வைத்திருக்கிறேன். பின் அறையை அல்ல. அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்து நில்லுங்கள்.

யசோ

---

நாவற்குடா
06.09.2024

யசோ,

தையல் காய்ந்துவிட்டது. இருந்து எழும்பத்தான் கஷ்டம். இதைப் பிள்ளை மடியில் கிடக்க ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நான் வரமாட்டேன். உன்னில் கோபமில்லை. நீ பஸ் ஏறி வந்ததையும், என் தலைமாட்டில் நின்றதையும் நான் மறக்கப்போவதில்லை. அதே நேரம் அந்த முற்றத்தையும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டும் என்னோடு கிடக்கட்டும். அந்த ஒழுங்கையில் ஒவ்வொரு படலையிலும் நிற்கிற மாமிமார் என் பிள்ளையைப் புரட்டிப் புரட்டி மூக்கு யாருடையது, நிறம் யாருடையது என்று பார்க்க நான் விடமாட்டேன். இங்கேயும் அப்படி வந்தார்கள். றிஸ்லானின் வீட்டாட்கள் பேர் கேட்டு வந்தார்கள். பேரைச் சொன்னால் பிள்ளை எந்தப் பக்கம் என்று விளங்கிவிடுமாம். பிள்ளை நித்திரை என்று கதவைச் சாத்திவிட்டேன். பேரை நானும் பாஹிமும் ஆறுதலாக யோசித்து வைப்போம்.

நஸீறா வருகிறா. வந்து பிள்ளையைக் குளிப்பாட்டித் தருகிறா. போன செவ்வாய்க்கிழமை தாகமாயிருக்கு என்று என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தா. அவவை மன்னித்தேனோ என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. அவ கை சுத்தமான கை, பிள்ளை அந்தக் கையில் அழுவதில்லை, அவ்வளவுதான்.

பாஹிம் பிள்ளையின் வலது காதில் பாங்கு சொன்னார். நான் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தேன். அம்மாவிடம் இரண்டையும் சொல். நானும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல். அவ கேட்காவிட்டாலும் சொல்.

நீ அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு வா. மண்டூரிலிருந்து அவர் திரும்பி வந்திருந்தாலும் வா. பாஹிம் வாவி மீன் வாங்கி வைப்பதாகச் சொல்கிறார். உன் பெறாமகள் சின்னதாகப் பிறந்தாளே தவிர, குரல் அப்படியில்லை. பால் கொஞ்சம் சுணங்கினால் போதும், தெரு முனை வரைக்கும் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நேற்று மதிலுக்கு மேலால் எட்டி, "புள்ளட வாயக் கொஞ்சம் பொத்துங்க" என்றாள்.

நான் யன்னலைத் திறந்து வைத்தேன்.

அக்கா